முப்பதாம் கஜக் கோட்டில் ஹாலிஸ்

— மண்வெட்டியைக் கீழ வைங்க வெர்னாம்மா. பூட்டிக் கெடக்குற காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்துக்குள்ள எப்படி வந்தீங்க?

— நாப்பது வருஷமா சனிக்கிழமை தவறாம இந்தப் படியில உக்காந்து தேய்ச்சவ நான். வேலி எங்க பிஞ்சிருக்குன்னு தெரியாதா ஆர்வில்? திங்கக்கிழமை இடிக்க வர்றானுங்க. அதுக்குள்ள என் புருஷனை எடுத்துக்கிட்டுப் போகணும்.

— ஹாலிஸ் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சே.

— இங்கதான் இருக்காரு, முப்பதாம் கஜக் கோட்டுல. ஆட்டம் ஜெயிச்சு ஜனங்க உள்ள எறங்கி ஆடுனாங்களே, அப்பக் கொட்டினேன். சாம்பலைப் பாப்கார்ன் டப்பாவுல மறைச்சுக் கொண்டாந்தேன். காலேஜ்ல ஆடுறப்ப அந்த எடத்துலதான் பந்தை நழுவ விட்டாரு. சாகுற வரைக்கும் அதே புலம்பல்.

— அட கடவுளே, அது நீங்கதானா! தட்டு அகலத்துக்குப் புல்லு கருகிப் போச்சு. டிவியில வேற காட்டிட்டான். புல்லு பாக்குறவன் நான்தானே, கோச் என்னைப் பிச்சு எடுத்துட்டாரு. சாம்பலைக் குமிச்சுக் கொட்டினா புல்லு நிக்குமா? எல்லாரும் இதே தப்பைத்தான் பண்றீங்க.

— எல்லாருமா?

— இருபத்தாறு வருஷத்துல முப்பத்தொம்பது பேரைத் தோண்டியிருக்கேன். தோண்டிட்டுப் புதுப் புல்லு பதிப்பேன்.

— தோண்டிட்டீங்களா? அப்ப ஹாலிஸ் எங்க? குப்பையிலயா போட்டீங்க? வாயைத் தொறங்க!

— கத்தாதீங்க, எனக்குத் தெம்பில்ல. மொத உலகப் போர்ல செத்த பசங்க ஞாபகமா, கூடப் படிச்சவங்களே கழுதை வண்டியில மண்ணு அடிச்சுக் கட்டின எடம் இது. இங்க எடுத்த சாம்பல் மண்ணை நான் குப்பையில போடுவேனா? கொட்டகையில வாளி வாளியா வச்சிருக்கேன், தேதியும் கோடும் எழுதி. வாங்க, காட்டுறேன்... இந்தாங்க, உங்க ஆளு.

— கனக்குதே... உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான், லேசுல நகர மாட்டாரு. யாருன்னே தெரியாதவங்களை எதுக்கு ஆர்வில் இத்தனை வருஷம் வச்சிருந்தீங்க?

— யாராவது கேட்டு வருவாங்கன்னுதான். மொத ஆளு நீங்க.

— உங்க சம்சாரம் லொரெட்டா இருந்து பாத்திருந்தா பூரிச்சுப் போயிருப்பா. அவளை எங்க வச்சீங்க, சர்ச் பக்கமா?

— எனக்குத்தான் தொழில் தெரியுமே வெர்னாம்மா. ஒரு கரண்டி சாம்பலுக்கு ஒரு வண்டி மணல். எட்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா அவளை இந்த மைதானம் முழுக்கத் தூவினேன், ஒரு புல்லுகூடக் கருகல. இப்ப அவளை எந்த வாளியில அள்ளிக்கிட்டுப் போவேன்?