அதெல்லாம் இல்லீங்களே?

சித்ராதேவி: "ஊராரே! தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் இங்கே திரும்புங்கள்! ஓர் அநீதிக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். சென்ற ஆண்டு, இதே பனியன் கம்பெனி வாசலில், இரத்தம் கொடுக்க வந்த ஒடியா இளைஞர்களை..."

ஆறுச்சாமி: அம்மிணி! மைக்க அமத்து. அமத்துன்னா அமத்து!

சித்ராதேவி: அமத்திட்டேங்க. சொல்லுங்கண்ணா.

ஆறுச்சாமி: என்ற கம்பெனி வாசல்ல நின்னுக்கிட்டு என்ற மேலயே குத்தம் சொல்றயா? கூடப்பொறந்தவதானே நீ?

சித்ராதேவி: அதனாலதான் மைக்கோட நிறுத்திக்கிட்டேன். வேத்தாளா இருந்தா நோட்டீஸே அடிச்சிருப்பேன்.

ஆறுச்சாமி: நக்கல் வேறயா... அப்பன் நெனவு நாளுக்கு வருசா வருசம் நடத்தற ரத்ததான முகாம். இந்தத் தடவை பாதிகூடத் தேறல. எல்லாம் தனியாக் கேள்வி கேக்கோணும்னு நீ கட்டுன அந்தத் திரையால.

சித்ராதேவி: திரையா? உங்க கட்டிங் டேபிள்ல கெடந்த துணிதானுங்க!

ஆறுச்சாமி: அதுக்குள்ள அந்த ரத்த வங்கிப் புள்ள, அனுப்ரியா, என்னென்னமோ கேக்கறா. வடக்கத்திப் பசங்களைக் கேக்கட்டும். சென்னியப்ப மாமனைப் போயி, வேற பொம்பளை தொடுசு உண்டுங்களான்னு! மனுசன் காப்பி குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு.

சித்ராதேவி: பதில் சொல்லிப்போட்டுத்தான் போனாரு. போன வருசம் எப்படிக் கேட்டாங்க, நெனவிருக்குதுங்களா? வடக்கத்திப் பசங்களை வரிசையில நிக்க வெச்சு, அத்தனை பேரு காதுலயும் வுழுகற மாதிரி, யாருகூடப் படுத்தேன்னு... அந்த வரிசையில நின்ன பிகாஷ் அப்புறம் யாரு மூஞ்சியும் பாக்கல. ஊருக்கே போயிட்டான்.

ஆறுச்சாமி: பனியன்ல பழுது பாக்கறதுல நல்ல செக்கர் அவன்...

சித்ராதேவி: நம்மாளுகளுக்கு நாற்காலி, காப்பி. "ஏனுங்க, அதெல்லாம் உங்களுக்கு இல்லீங்களே?" அவ்வளவுதான்.

ஆறுச்சாமி: மரியாதையாக் கேட்டாங்க.

சித்ராதேவி: பதிலையும் சேத்தே கேட்டாங்க! அதுக்கு மேல எவனுங்க "இருக்குதுங்க"ம்பான்? ஹெபடைடிஸ் பி மஞ்சக்காமாலைக் கிருமிக்கு நம்ம மரியாதையாலயே பந்தல் போட்டுட்டோம்.

ஆறுச்சாமி: டெஸ்ட் பண்ணாமலா ஏத்தறாங்க?

சித்ராதேவி: பண்றாங்க. புதுசா ஒட்டுன கிருமி கொஞ்ச நாளைக்கு டெஸ்டுக்கே தப்பிப்போயிரும். அப்பப் பிரசவத்துல கெடக்கற ஒருத்தியக் காப்பாத்தறது, குடுக்கறவன் வாய்தானுங்க.

ஆறுச்சாமி: அதுக்கு அத்தனை கேள்வியா?

சித்ராதேவி: உறை இல்லாம புதுசா யாருகூடவாவது இருந்தீங்களா, ஒண்ணுக்கு மேல ஆளு உண்டுங்களா, ஊட்டுல இருக்கறவங்களுக்கு அந்தக் கிருமி உண்டுங்களா, பச்சை குத்துனீங்களா... முதலாளிக்கும் இதேதான், ஹெல்பருக்கும் இதேதான்.

ஆறுச்சாமி: நீ போனியா?

சித்ராதேவி: போயிட்டு வந்துட்டேன். பாருங்க, பிளாஸ்திரி.

ஆறுச்சாமி: செரி... வெளிய என்ன பேச்சுன்னா, வடக்கத்திப் பசங்க ரத்தம் ஆகல, அதனாலதான் கொறஞ்சுதுன்னு.

சித்ராதேவி: யாரு கெளப்புனது?

ஆறுச்சாமி: அத வுடு அம்மிணி.

சித்ராதேவி: அண்ணா?

ஆறுச்சாமி: நாந்தான். நீயும் மைக்குல அதையே சொல்லிப்போடு. நம்ம சனத்து மானம் நிக்கும்.

சித்ராதேவி: அனுப்ரியா! இங்க வா கண்ணு. வடக்கத்திப் பசங்களாலதான் கொறஞ்சுதா?

அனுப்ரியா: யாரு என்ன சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேங்க. ஆனா குடுக்காமத் திரும்புனவங்கள்ல உள்ளூர்க்காரங்கதான் ஜாஸ்தி. அவங்களையும் டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்கறோம். இத்தனை பேரு மனசு திறந்து பேசி நான் எந்த முகாம்லயும் பாத்ததில்லீங்க. பெருமையா இருக்குது.

ஆறுச்சாமி: திரும்புனவங்க யாருன்னு... வெளிய தெரியுமா?

அனுப்ரியா: தெரியாதுங்க. குடுத்தாலும் குடுக்காட்டியும் எல்லாருக்கும் ஒரே பஞ்சு, ஒரே பிளாஸ்திரி. அக்கா சொன்ன ரோசனை.

சித்ராதேவி: உங்க கையிலயும் இருக்குதுங்களே. எதுக்குத் தடவிக்கிட்டே நிக்கறீங்க? வலிக்குதுங்களா?

ஆறுச்சாமி: வலிக்கல.

சித்ராதேவி: ஊசி ஏத்துனா வலிக்குமே...

ஆறுச்சாமி: அதான் வலிக்கலேங்கறேன்ல.

சித்ராதேவி: அப்ப ஊசியே ஏத்தலீங்களா?

ஆறுச்சாமி: காரணம் கேக்காத அம்மிணி.

சித்ராதேவி: மாட்டேங்க. திரைக்குள்ள சொன்னது திரைக்குள்ளயே கெடக்கட்டும்.

ஆறுச்சாமி: வருசா வருசம் மொத ரத்தம் என்றதுன்னு போட்டோ புடிச்சவன்...

சித்ராதேவி: இன்னைக்கும் புடிங்க. நிமிர்ந்து நில்லுங்க. அப்பன் இருந்திருந்தா இந்தப் போட்டோவத்தான் ஊட்டுல மாட்டியிருப்பாரு.

ஆறுச்சாமி: பிகாஷுக்கு நானே போன் போடறேன்... மைக்கப் போடு. முதலாளியே குடுக்காமத் திரும்பி வந்தான்னு சொல்லு. பேரச் சொல்லியே சொல்லு.

சித்ராதேவி: "ஊராரே! விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். வடக்கேயிருந்து வந்த தம்பிகளால்தான் குருதி குறைந்தது என்ற பேச்சு பொய்! இன்று இங்கே பெருகியது உண்மை. கொடுத்தவர் கொடையாளி. தன் குருதி பிறர்க்குத் தீங்காகுமோ என்று ஐயுற்றுக் கையை மடக்கிக்கொண்டவரும் கொடையாளியே! அவ்வாறு மடக்கிக்கொண்டவர் இந்தக் கம்பெனி முதலாளி ஆறுச்சாமி, என் அண்ணன். பெருமையோடு சொல்கிறேன். ஆண்டுதோறும் கொடுத்து, மேடைதோறும் அதைச் சொல்லிப் பூரித்த சித்ராதேவியும் இன்று கையை மடக்கிக்கொண்டாள். இதோ, பிரித்துக் காட்டுகிறேன்: என் பிளாஸ்திரிக்கு அடியிலும் ஊசித்துளை இல்லை! அடுத்த முகாமில் எவரேனும் உங்களிடம் ‘அதெல்லாம் இல்லீங்களே?’ என்று மரியாதையாய்க் கேட்டால், தலையாட்டாதீர்கள். எழுந்து நில்லுங்கள். ‘என்னைத் தனியே அழைத்து முழுதாகக் கேள்’ என்று உரக்கச் சொல்லுங்கள்!"