அக்கரைக்குப் போகும் கறி

— மெதுவாத்தான் துடுப்பப் போடேன் தீர்த்தா. பரிசலு சுத்தச் சுத்த மலையெல்லாம் எம்பின்னால நடந்து வராப்புல இருக்குது. கண்ணு சொருகுது.

— தூங்கிராதீங்க ராமக்கா. பரிசலு அடித்தோலு எங்கியோ கசியுதுங்க. கறிக்கூடை நனையுது பாருங்க.

— ஆத்துத் தண்ணிதான? நனையட்டும். ஈரமா இருந்தா அக்கரைச் சனம் இப்பத்தான் வெட்டினதுன்னு நம்பி வாங்கும்.

— தூக்கி மடியில வெச்சுக்குங்க யக்கா.

— நீ என்ன, சுகாதார இன்ஸ்பெட்டராட்டம் பேசுற? பனி எப்பிடிக் கெடக்குது பாரு, பாலக் கவுத்து ஊத்தினாப்புல. அருவிச் சத்தங்கூடக் கெனாவுல கேக்கறாப்புல இருக்குது.

— நேத்துப் பொழுது சாய ஒருத்தர அக்கரையில இருந்து ஏத்தியாந்தேங்க. வாந்திபேதி. இப்பக் கூடை இருக்குற எடத்துலதான் படுத்திருந்தாரு. பாதி ஆத்துலயே உசுரு போயிருச்சு.

— ஐயோ சாமி. அதான் கண்ண மூடினா பக்கத்துல ஆரோ படுத்திருக்காப்புல இருந்துச்சா? பரிசலக் கழுவினியா இல்லியா?

— தண்ணியள்ளி ஊத்தினேங்க. எப்பவும் கவுத்துப் போட்டு வெயில்ல காயவெப்பேன். இந்தப் பனியில ஏதுங்க வெயிலு? தோலு கசியற வரைக்கும் எனக்கு ஒன்னும் தோணல.

— சரி விடு. ஓடுற தண்ணிக்குத் தீட்டில்லம்பாங்க.

— தீட்டு இல்லீங்க, நோவு இருக்குமே. ஊசி போட வந்தவரு அதைத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு.

— கொதிக்கிற சட்டியில எந்த நோவு நிக்கும்?

— சட்டிக்குப் போறதுக்கு முந்திக் கையில படுமேங்க. கறி அரிஞ்ச கையாலதான களி உருட்டறாங்க?

— சண்டைன்னு சொல்லி வெள்ளக்காரன் கண்ட ஆட்டையெல்லாம் பட்டாளத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போறான். இந்த ஒத்த ஆட்டுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆத்துல கொட்டச் சொல்றியா?

— அக்கரையில உங்க மவளும் இருக்குதேங்க. பச்சை ஒடம்பு.

— செல்லி வூட்ல எங்கறி ஏறாது. மருமவன் ரோசக்காரன். மாமியாக்கிட்ட ஓசிக் கறி திங்க மாட்டேன்னான். பெத்த மவகிட்டக் காசு வாங்க மாட்டேன்னு நானும் நின்னுட்டேன். அன்னிக்கி மனசு வெந்து போச்சு. இன்னிக்கி நெனச்சா அதுவும் நல்லதுக்குத்தான். நீ துடுப்பப் போடு.

— யக்கா... வாராவாரம் மொத ஆளா வந்து கூறு வாங்கறானே பச்சியப்பன், அவன் கறியே தொடமாட்டானுங்க. காசு உங்க மருமவனுது, சாறு செல்லிக்கு.