வண்டி அக்காவின் வாசகர்கள்

பக்கத்தை மடித்து அடையாளம் வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அதோ, உங்கள் மேஜைமேல் இருக்கிற புத்தகத்தைக் காதைப் பிடித்து முறுக்கிய மாதிரி மடித்து வைத்திருக்கிறீர்கள். போகட்டும் சார், போலீஸ் வேலையில் இருந்துகொண்டும் படிக்கிறீர்களே, அதுவே பெரிய சந்தோஷம்.

எங்கள் மாவட்ட நூலகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு துணிக்கடைக்காரர் தன் கடையின் பின்னறையில் ஒரு பெட்டிப் புத்தகத்தோடு ஆரம்பித்தது. துணி எடுக்க வந்தவர்கள் கதைப்புத்தகம் எடுத்துக்கொண்டு போனார்கள். கடை படுத்துவிட்டது, நூலகம் எழுந்து நின்றது. இன்றைக்குத் தலைமை நூலகம் மாடிக் கட்டடம். ஊருக்கு ஊர் கிளை. பிள்ளைகளுக்குக் கதை நேரம், வேலை தேடுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர், கண் தெரியாதவர்களுக்கு ஒலிப்புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலே என் வண்டி.

நடமாட முடியாதவர்களின் வீட்டு வாசலுக்கே புத்தகம் கொண்டுபோகிற வண்டி அது. ஓட்டுவதும் நான், புத்தகம் பொறுக்கிக் கொடுப்பதும் நான். எல்லோருக்கும் நான் வண்டி அக்கா. நான் கட்டிக்கொண்டது தன்னையா, வண்டியையா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். வண்டி குறட்டை விடாது என்பேன்.

இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகிவிட்ட தையல்காரர் ஒருவர். முழங்கால் போன அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில். ஹாரன் சத்தம் கேட்டாலே இவர்களுக்கெல்லாம் முகம் மலர்ந்துவிடும். அப்படிப்பட்டவர்களை அழவிட மனசு வருமா? எனக்கு வரவில்லை. அதனால், சோகமாக முடிகிற கதைகளில் கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடுவேன். புத்தகத்தின் தையலை ஒட்டிப் பிளேடு போட்டால் வெட்டியதே தெரியாது. கதை கல்யாணத்தோடு நின்றுவிடும். அப்புறம் வருகிற காய்ச்சல், கப்பல் விபத்தெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். வருஷக்கணக்காக எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

பிறகு புது நூலக அதிகாரி வந்தார். வயதில் சின்னவர், தங்கமான பிள்ளை. இதை மனதாரச் சொல்கிறேன். தையல்காரர் நேராக அவருக்கே போன் போட்டு, கப்பல் ஏறினவன் என்ன ஆனான் என்று கேட்டிருக்கிறார். அதிகாரி வேறு பிரதியைத் தேடி எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் போனிலேயே வாசித்துக் காட்டியிருக்கிறார். மனிதர் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு முழுக்கதை கேட்டேன் என்றாராம். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. உடம்பு முடியாதவர் ஏதோ பேசுவார்.

வண்டிப் புத்தகங்கள் தலைமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. அங்கே இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தில் ஓடும். இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் நெருக்கி வைத்து, ஆள் நுழைய ஒரே ஒரு சந்து மட்டும் விட்டிருப்போம். வேறு அலமாரி வேண்டுமென்றால் ஓரத்தில் இருக்கிற சக்கரத்தைச் சுற்றி, இந்தச் சந்தை மூடி அடுத்ததைத் திறக்க வேண்டும். பழைய காலத்துப் பல்சக்கரம். ஒற்றைக் கையால் ஒரு லாரிப் பாரத்தை நகர்த்திவிடலாம். ஆகவே சுற்றுவதற்கு முன்னால் உள்ளே யார் என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். பதில் வந்தால் காத்திருப்போம்.

அன்று மத்தியானம் அதிகாரி அந்தச் சந்துக்குள் நின்று என் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று போனேன், திட்டவில்லை.

"வண்டி நிக்காது அக்கா. வேற ஒருத்தங்க ஓட்டுவாங்க. நீங்க கவுன்ட்டர்ல ஃபேனுக்கடியில உட்காருங்க. வெயில்ல அலைஞ்சது போதும்."

எவ்வளவு அக்கறை பாருங்கள். இன்னும் நாலு ஊருக்கு வண்டி போகப்போகிறது என்றும் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு, மேலே போய் ஒரு டீ குடித்தேன். நல்ல டீ. திரும்பி வந்து சக்கரத்தில் கை வைத்து, உள்ளே யார் என்று குரல் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள் சார், வழக்கத்தை நான் மீறவில்லை.

"நான்தான் அக்கா" என்றார்.

சுற்றினேன். முதலில் சிரித்தார், விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். அப்புறம் ரொம்ப நேரம் அக்கா, அக்கா என்று கூப்பிட்டார். நூலகத்தில் அவ்வளவு சத்தம் கூடாது. பாதிக்கு மேல் சக்கரம் கொஞ்சம் இறுகியது, இரண்டு கையும் போட வேண்டியிருந்தது.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எனக்காக இல்லை, என் வாசகர்களுக்காக. என்னை விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

நீங்கள் தையல்காரரிடமும் அந்த அக்கா தங்கையிடமும் போய் விசாரித்ததாகச் சொன்னீர்கள். அதிகாரிக்காக எல்லோரும் அழுதார்களாம். என்னைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். கேட்டிருப்பார்கள் சார். நீங்கள்தான் சரியாகக் காதில் வாங்கியிருக்க மாட்டீர்கள்.