முதல் ஈட்டிக்குச் சாட்சி

மலைக்கு மலை ஒரு பிரபு, பிரபுவுக்குப் பிரபு சண்டை என்று ஜப்பான் தேசம் கிடந்த காலமாம் அது. ஹயாசே என்று ஓர் ஆற்றங்கரைக் கிராமம். அங்கே நாலு தலைமுறையாகப் பிரபுவுக்கு ஈட்டி பிடித்த ஒரு சாமுராய்க் குடும்பம். அதில் அண்ணன் குராண்டோ, தம்பி யாஹெய்.

தம்பி வில்லை எடுத்தால் ஊரே பார்க்குமாம். அண்ணன் எடுத்தால், "இவர் யாஹெய்யோட அண்ணன்தானே?" என்று கேட்குமாம். அப்பா சாகும்போது நிலத்தை அண்ணனுக்கும் குடும்ப ஈட்டியைத் தம்பிக்கும் கொடுத்தார். அண்ணன் சிரித்துத் தலையாட்டினான். உள்ளே எரிந்ததாம். தம்பி சாப்பிட்டால் எரியும். தம்பி தூங்கினால் எரியும். தம்பி "அண்ணா" என்று கூப்பிட்டால் இன்னும் எரியும்.

அந்தக் காலப் போரில் ஒரு வழக்கம். எதிரிமேல் முதல் ஈட்டி பாய்ச்சியவனுக்குத்தான் பெரிய மரியாதை. ஆனால் அதைக் கூட இருந்தவன் ஒருவன் பார்த்துச் சொல்ல வேண்டும். சாட்சி இல்லாமல் அந்த மரியாதையைக் கேட்டால் பொய்யன் என்று படையை விட்டே தள்ளிவிடுவார்களாம்.

ஒரு நாள் காலை, ஆற்றின் மேல் மூடுபனி. அக்கரையில் எதிரி. தம்பி முன்னால் ஓடினான். அண்ணன் பத்தடி பின்னால். மற்றவர்கள் எல்லாம் இன்னும் தண்ணீரில். தம்பி கரையேறி ஈட்டியைப் பாய்ச்சினான்.

"அண்ணா, பாத்தியா?"

"பாத்தேன்டா!"

சண்டையில் ஜெயித்தார்கள். பிரபு கேட்டார்: "முதல் ஈட்டி யாருடையது?"

"என்னுடையது, பிரபுவே. அண்ணன் சாட்சி."

"குராண்டோ, பார்த்தாயா?"

பார்த்தேன் என்று சொன்னால் சாகும்வரை அவன் யாஹெய்யின் அண்ணன்.

"ஒரே பனி, பிரபுவே. நான் பார்க்கவில்லை."

பின்னால் வந்தவர்கள் சொன்னார்களாம்: "பனி விலகினப்போ கரையில நின்னது குராண்டோதாங்க, யாஹெய் கண்ணுல படல." மரியாதை அண்ணனுக்குப் போயிற்று. தம்பியைப் படையை விட்டுத் தள்ளினார்கள்.

தம்பி பெண்சாதி ஒசென் வந்தாள்.

"அத்தான், அவரு உங்களை ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. அண்ணன் கண்ணைப் பனி மறைச்சிருக்கும்னுதான் சொல்றாரு."

'பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டான் பார்' என்று பொருமினானாம் குராண்டோ.

அடுத்த சண்டை அதே ஆற்றில், நல்ல வெயிலில். படை நகரும் முன்னே, யாரும் கூப்பிடாமல், தம்பி தனியாக ஆற்றில் இறங்கினான். இரண்டு கரையும் பார்த்தது. அக்கரை ஏறி ஈட்டியைப் பாய்ச்சினான். எட்டு அம்புகள் அவன்மேல் பாய்ந்தன. சாட்சிக்கு இந்தத் தடவை யாரும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலமே குராண்டோ பிரபுவின் காலில் விழுந்தானாம். "அன்றைக்கும் பார்த்தேன். கண்ணாரப் பார்த்தேன்."

"இப்போது சொல்லி யாருக்கடா?" என்றாராம் பிரபு. "உன் வீட்டில் இனி யாருமே முதலாவதாக நடக்கக் கூடாது."

இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் ஹயாசேக்காரர்கள் வரிசையாக அந்த ஆற்றைக் கடப்பார்களாம். முதல் ஆளின் இடத்தைக் காலியாக விடுவார்கள். இரண்டாவதாக வருகிறவர் குராண்டோ வம்சத்தவர். அக்கரை ஏறியதும் அவர் "பார்த்தேன்" என்று கத்த வேண்டும். இக்கரையில் நிற்பவருக்கு அது கேட்கவில்லை என்றால், திரும்பி வந்து மறுபடியும் கடக்க வேண்டுமாம்.