பன்னிரண்டாவது கையெழுத்து

— அன்னிக்கு அசோசியேஷன் மீட்டிங்ல நான் கேட்டது ஞாபகம் இருக்கா, தாரணி?

— மறப்பேனா, ஸ்ரீஹரி சார்? 'கோட்டூர்புரத்துல வெள்ளம் வந்தா தரைத்தளத்துக்குத்தானே வரும், மூணாவது மாடிக்காரன் ஏன் பிரீமியம் கட்டணும்'னு கேட்டீங்க.

— அதுக்கு நீங்க?

— 'கீழ இருக்கிற என் வீட்டை ஆறு அரிச்சா, உங்க மாடி எதுமேல நிக்கும்'னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க மட்டும் சிரிக்கல.

— சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

— சரி, இந்தச் சம்மதப் பத்திரத்துல கையெழுத்து போடுங்க. பதினோரு வீட்டுல வாங்கிட்டேன், நீங்கதான் பாக்கி. நாளைக்குக் காலைல ஹைகோர்ட்ல கேஸ் வருது.

— வக்கீல் என்ன சொல்றாங்க?

— மாளவிகா மேடம் தெம்பா இருக்காங்க. 'ஏழைகளுக்கும் கட்டுப்படியாகும் வெள்ளக் காப்பீடு'ன்னு அரசாங்கமே நோட்டீஸ்ல அடிச்சிருக்கு. தரைத்தளம்னு சொல்லி என் மூணு மாசத் தையல் வருமானத்தை ஒரே பிரீமியத்துல கேட்டா அது கட்டுப்படியா? ஒரு கட்டடத்துக்கு ஒரே பிரீமியம், பன்னிரண்டு வீடும் சமமா பங்கு. அதைத்தான் கேக்குறோம்.

— தோத்துட்டா?

— இன்ஷூரன்ஸ் இல்லேன்னா கடன் கொடுத்த பேங்க் சும்மா விடாது. வீட்டை வித்துட்டுத் தாம்பரத்துக்கு அண்ணன்கூடப் போகணும். ஆனா போக மாட்டேன். 2015-ல ஆறே வந்து கிளப்பிப் பார்த்துச்சு. ஒரு பேங்க் நோட்டீஸுக்கா கிளம்பிடுவேன்?

— உங்க மெஷின் மூணும் அப்ப என் ஹால்லதானே இருந்துச்சு.

— பேச்சை மாத்தாதீங்க.

— இல்ல, நாலாம் பக்கத்துல ஒரு சந்தேகம்.

— இருபது நாளா நானும் மாடி ஏறி வரேன், தினம் ஒரு சந்தேகம். நேத்து கண்ணாடியைக் காணோம்னீங்க. அது உங்க நெத்தியில இருந்துச்சு. அப்படி என்னதான் சார் ஆட்சேபம்?

— ஒண்ணும் இல்ல. கடைசிப் பக்கத்தைப் பாருங்க.

— கையெழுத்து இருக்கு. தேதி... நான் கொண்டுவந்து கொடுத்த அன்னிக்கே போட்டிருக்கீங்க.

— அன்னிக்கே கொடுத்திருந்தா மறுநாள் வந்திருப்பீங்களா? நாளைக்குக் கோர்ட்டு. இனிமே ஒளிச்சு வெச்சா தப்பு.

— நானும் ஒண்ணு சொல்லணும். பதினோரு கையெழுத்தே போதும்னு மேடம் போன வாரமே தாக்கல் பண்ணிட்டாங்க.

— அப்போ இந்த வாரம் பூரா எதுக்கு வந்தீங்க?

— காபி நல்லாத்தான் போடுறீங்க.

— தாரணி, ஒருவேளை தீர்ப்பு சாதகமா வரலேன்னா, மெஷினையெல்லாம் மறுபடி மேல கொண்டுவந்துடலாம். ஹால் காலியாத்தான் கிடக்கு. நீங்களும்...

— மெஷினைக் கீழ இறக்கின அன்னிக்கே நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்க நினைச்சேன். அப்ப வாய் வரல. இத்தனை வருஷம் ஆச்சு.

— கேளுங்க.

— மெஷின் கீழயே இருக்கட்டும். என்னைக் கட்டிக்கிட்டு நீங்க கீழ வந்துடுறீங்களா?