குறைச்சுப் போடுங்க, டீச்சர்

அந்த நாற்காலி வேண்டாம் வக்கீலம்மா, அதில் காயாத நீலம் இருக்கிறது. சாரல் விழத் தொடங்கிவிட்டால் இந்த மேலகரத்தில் துணியும் காயாது, பெயிண்டும் காயாது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். டீ வேண்டாமா? சரி. அருவிக்குப் போகிற வண்டிகள் ஆரன் அடித்ததில் நீங்கள் கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. பரவாயில்லை, பில்லைக் காட்டினீர்களே, அதுவே போதும். எழுத்து என்னுடையதுதான். அடியில் இருக்கும் கையெழுத்து பலவேசம் அண்ணாச்சியுடையது.

வியாழக்கிழமை பத்திரம் பதிகிறார்கள் என்கிறீர்கள். அண்ணாச்சியும் அவர் தம்பியும் தென்காசிப் பாத்திரக்கடையையும் இலத்தூர் வீட்டையும் பாகம் பிரித்துவிட்டால் அப்புறம் யாராலும் ஒட்டவைக்க முடியாது என்கிறீர்கள். இரண்டு பேருக்கும் பொதுவான வக்கீல் நீங்கள். பதிவதற்கு முன்னால் உங்களுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். குடும்பப் படத்திலிருந்து தம்பியை விட்டுவிடச் சொன்னது யார்? சொல்கிறேன். ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் ரேட்டைப் பற்றி முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

முப்பத்திரண்டு வருடம் டிராயிங் டீச்சராக இருந்தேன். லோகநாயகி என்று பெயர் சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, டிராயிங் டீச்சர் என்றால் ஆட்டோக்காரர் இறக்கிவிட்டுப் போவார். ரிட்டையர் ஆனபிறகு ஆர்டருக்குப் படம் வரைய ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் விலை கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "இஷ்டப்பட்டதக் குடுங்க" என்பேன். அவர்கள் இஷ்டப்பட்டார்கள். ஒருவர் செங்கோட்டையிலிருந்து இரண்டு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்தார். ஒருத்தி தன் கல்யாணத்தில் மிஞ்சிய டிபன் கேரியரைக் கொடுத்தாள், மூடி இல்லாமல். மூன்று வாரம் முதுகு ஒடிய வரைந்ததற்கு மூடியில்லாத டிபன் கேரியர்.

அதற்குப் பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கேன்வாஸ், பெயிண்ட், பிரஷ், உட்கார்ந்திருக்கும் மணிநேரம், கரண்ட், கழுத்துவலித் தைலம். எல்லாம் சேர்ந்து ஒரு முகத்துக்கு மூவாயிரத்து எழுநூற்று எண்பது வந்தது. மீதி இருநூற்று இருபதை என் கண்ணுக்கு வைத்துக்கொண்டேன். அதோ போர்டு, உங்கள் தலைக்கு மேலேதான் தொங்குகிறது. "தலைக்கு ரூ. 4000. அரைத் தலை கிடையாது." இதைவிட நியாயமான விலை இந்த மாவட்டத்தில் உண்டா, சொல்லுங்கள்.

ஆனால் நம் ஊரில் ஒரு வார்த்தை இருக்கிறதே. "குறைச்சுப் போடுங்க." வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார்கள். காய்கறிக்காரரிடம் சொன்னால் அவர் விலையைக் குறைத்துப் போடுவார். சரி. நான் போடுவது படம். என்னிடம் வந்து குறைச்சுப் போடுங்க என்றால் நான் எதைக் குறைக்க? பல நாள் யோசித்தேன். கேட்பவர்கள் கேட்டதைக் கொடுப்பதுதானே தொழில் தர்மம் என்று ஒரு முடிவுக்கு வந்தேன்.

முதலில் ஹாஜரா பீவி. கடையநல்லூரில் புதுசாகக் கட்டிய வீட்டை வரைந்து துபாயில் இருக்கும் புருஷன் சமீருக்கு அனுப்ப வேண்டும் என்றாள். எட்டு ஜன்னல் வீடு, எட்டாயிரம் சொன்னேன். "ஆயிரம் குறைச்சுப் போடுங்க டீச்சர், ஒங்களுக்கு இன்னும் பத்துப் பேரக் கூட்டிட்டு வாரேன்" என்றாள். குறைத்துப் போட்டேன், ஏழு ஜன்னல். அவள் கவனிக்கவில்லை. துபாயில் சமீர் கவனித்தான். வேலை முடிந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பான், பாவம். போன் போட்டு, "மேக்கால ஜன்னல எதுக்கு அடச்ச? யாரு எட்டிப் பாக்குதான்னு அடச்ச?" என்று கேட்டிருக்கிறான். அவள் வீடியோவில் ஜன்னலைத் திறந்து காட்ட, "இப்பத்தான ஒடச்சுத் தெறந்த?" என்றிருக்கிறான். மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு சரியாகிவிட்டது. பத்துப் பேரை அவள் கூட்டிவரவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஜெபஸ்டின், கிருபா கல்யாணப் படம். ஐந்நூறு குறைத்தார்கள். மாப்பிள்ளையின் வலது பக்க மீசையில் ஐந்நூறு ரூபாய் அளவுக்குக் குறைத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு அவன்தான் தன் மீசையைத் திருத்திக்கொண்டான். இன்றுவரை அப்படியேதான் திரிகிறான். இதிலெல்லாம் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் ஆனியில் வந்தார். ஆவணியில் இலத்தூர் வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம், ஹாலில் மாட்ட ஆறடிக்கு ஒரு குடும்பப் படம் வேண்டும் என்றார். காலமான அப்பா, அம்மா. அண்ணாச்சி, அவர் சம்சாரம் உலகம்மை, இரண்டு பெண்கள். தம்பி குற்றாலீஸ்வரன், அவன் மனைவி பொன்செல்வி, அவர்கள் பெண். ஒன்பது தலை, முப்பத்தாறாயிரம். மறுபேச்சுப் பேசாமல் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தார். மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதம், சாரலில் டேபிள் பேனைப் படத்துக்குக் கொடுத்துவிட்டு நான் வியர்த்துக்கொண்டு வரைந்தேன். ஒன்பது பேரையும் வரைந்தேன்.

பால் காய்ச்ச மூன்று நாள் இருக்கும்போது அண்ணனும் தம்பியும் பாக்கியைத் தர வந்தார்கள். படம் துணிபோட்டு மூடியிருந்தது. "தெறக்காதீங்க டீச்சர், பால் காய்ச்சுன பெறவு எல்லாருமாப் பாத்துக்கிடுதோம். கண்ணு பட்டுரும்" என்று அண்ணாச்சியே சொன்னார். அப்புறம் பணத்தை எண்ணினார். நடுவில் நிறுத்தினார்.

"டீச்சர், முப்பத்திரண்டுன்னு முடிச்சுக்கிடுவோம். நாலாயிரம் குறைச்சுப் போடுங்க."

"அண்ணாச்சி, வேலை முடிஞ்சிட்டே" என்றேன்.

தம்பிதான் சிரித்தான். "என்ன டீச்சர், பள்ளிக்கூடத்துல எங்களுக்குச் சும்மாதான வரைஞ்சு போட்டீங்க? கைதான, தேயவா போவுது?"

குற்றாலீஸ்வரன் என்னிடம் படித்தவன். ஏழாம் வகுப்பில் யானை வரைந்து வாருங்கள் என்றேன், தும்பிக்கை இல்லாமல் வரைந்து வந்தான். "தும்பிக்கை எங்கலே?" என்று கேட்டேன். "அங்கன மரத்துக்குப் பின்னால இருக்கு டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, பாஸ் போட்டேன். அதை நான் மனதில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. சும்மா சொல்கிறேன்.

"சரி அண்ணாச்சி, குறைச்சுப் போடுதேன். நாளன்னைக்கு வண்டி அனுப்புங்க" என்றேன். பில்லையும் அப்போதே எழுதிவிட்டேன். தலை எட்டு, தலைக்கு நாலாயிரம், ஆக முப்பத்திரண்டாயிரம். அண்ணாச்சி தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பாத்திரக் கடைக்காரர், தொகையைத்தான் பார்ப்பார்.

எந்தத் தலையைக் குறைப்பது என்பது லேசான முடிவு இல்லை வக்கீலம்மா. ஒரு பகல் முழுக்க யோசித்தேன். காலமானவர்களை எடுத்தால் பாவம், அவர்கள் வந்து கேட்க முடியாது. பிள்ளைகள் வளருகிற பிள்ளைகள். பெண்களை எடுத்தால் அமங்கலம். அண்ணாச்சி பணம் கொடுத்தவர். மிச்சம் இருந்தது ஒருவன். அதுவாக வந்து நின்ற கணக்கு அது, நான் தேர்ந்தெடுத்தது இல்லை.

அவன் நின்ற இடத்தில் ஒரு வாழைமரம் வரைந்தேன், குலையோடு. நல்ல காரியத்துக்கு வாழைமரம் பொருத்தம்தானே? வாழைமரத்துக்கு நான் தனியாகக் காசு வாங்கவில்லை.

பால் பொங்கியது, துணியை எடுத்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன், கேசரி சாப்பிட்டுக்கொண்டு. முதலில் எல்லோரும் அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் பொன்செல்வி தன்னைத் தேடினாள். நான் முதலில் வரைந்திருந்தபோது அவள் கை பக்கத்தில் நின்ற புருஷன் தோளில் இருந்தது. இப்போது அது வாழைத்தண்டில் இருந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு அத்தை, "ஏட்டி பொன்செல்வி, ஒன்னைய வாழமரத்துக்கா கெட்டிக் குடுத்தாவ?" என்று கேட்டுவிட்டாள். சிரிப்பு. எங்கள் பக்கம் தோஷம் உள்ள மாப்பிள்ளைக்கு முதலில் வாழைமரத்துக்குத் தாலி கட்டவைத்து, அதை வெட்டிச் சாய்ப்பார்கள், தெரியுமல்லவா? பொன்செல்வி அதை நினைத்திருப்பாள் போல. அவள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரவுகள வெட்டிச் சாச்சிட்டுத்தான் பால் காய்ச்சுதியளோ?" என்று உலகம்மையைப் பார்த்துக் கேட்டாள்.

அண்ணாச்சி சத்தியம் செய்தார். பெயிண்டில் ஏதோ தவறு என்றார். நான் கேசரித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன், மழை வரும்போல இருந்தது. நாலாம் நாள் அந்தப் பில் பொன்செல்வி கைக்குக் கிடைத்திருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் இங்கே வந்தார்கள்.

"உண்மையச் சொல்லுங்க டீச்சர். அண்ணன் சொல்லித்தான என்னைய விட்டீங்க?"

"பில்லுல என்ன போட்டிருக்கு?"

"எட்டுத் தலை."

"கையெழுத்து யாரோடது?"

"அண்ணனோடது."

"பெறவு நான் என்னத்தச் சொல்ல?"

இதில் ஒரு வார்த்தையாவது பொய் உண்டா? நீங்கள் சட்டம் படித்தவர், நீங்களே சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கடை நடுவில் சுவர் வைத்தார்கள். அவசரத்தில் சரக்கைப் பிரித்ததில் குக்கர் அண்ணன் பக்கம், வெயிட்டும் விசிலும் தம்பி பக்கம் போய்விட்டன. குக்கர் வாங்குகிறவர்கள் இரண்டு படி ஏறி இறங்குகிறார்கள். அண்ணாச்சிக்கு பி.பி. வந்துவிட்டது என்றார்கள். இலத்தூர் வீட்டில் இரண்டு அடுப்பு. படத்தை யார் எடுப்பது என்று சண்டைவந்து, ஹாலிலேயே துணிபோட்டு மூடிவைத்திருக்கிறார்கள்.

பிறகு தனித்தனியாக என்னிடம் வந்தார்கள், தனித்தனிக் குடும்பப் படத்துக்கு. அண்ணன் வீட்டில் நாலு பேர், தம்பி வீட்டில் மூன்று பேர். காலமானவர்களைப் பாகம் பிரிக்க முடியாதே, அவர்கள் இரண்டு படத்திலும் வேண்டும். மொத்தம் பதினோரு தலை. ஒருவர்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. குற்றாலீஸ்வரன், "என்னைய மொதல்ல வரைங்க டீச்சர்" என்று இதே ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே அழுதான். "அம்மா செத்தப்ப அண்ணந்தான் டீச்சர் எனக்குச் சோறு பெசஞ்சு குடுத்தான்" என்றான். அழுகிற முகத்தில் கன்னத்து நிழல் அழகாக விழும். அதை அப்படியே பிடித்துவிட்டேன். அதற்குக் கூடுதலாக ஒன்றும் வாங்கவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: யாரும் சொல்லவில்லை. அண்ணாச்சி குறைச்சுப் போடச் சொன்னார், நான் குறைத்தேன். அவ்வளவுதான். இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? யாரும் என்னிடம் ரேட்டைப் பற்றிக் கேட்கவில்லையே.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் ஒன்றும் மனசாட்சி இல்லாதவள் இல்லை. வாழைமரம் வரைவதற்கு முன்னால் அவன் மேல் தலை முதல் கால் வரை நல்ல வார்னிஷ் இரண்டு கை அடித்து, ராத்திரி முழுக்க டேபிள் பேனில் காயவைத்தேன். மரத்தை அந்த வார்னிஷ் மேல்தான் வரைந்திருக்கிறேன். டர்ப்பன்டைனில் துணியை நனைத்து அரைமணி நேரம் பொறுமையாகத் துடைத்தால் மரம் முழுக்க அழிந்து துணியோடு வந்துவிடும். அண்ணன் பக்கத்தில் தம்பி நின்றுகொண்டிருப்பான், ஒரு கீறல் இல்லாமல். இந்தப் பத்து மாதமும் அவன் எங்கும் போகவில்லை. மரத்துக்குப் பின்னால்தான் இருந்தான். பாக்கி நாலாயிரத்தை யாராவது கொண்டுவந்து கொடுத்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறிப் போய் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

நீங்களே தருகிறீர்களா? நல்ல மனசு. நாளைக்குக் காலையிலேயே இலத்தூர் போய்விடலாம், அண்ணனையும் தம்பியையும் படத்துக்கு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். வியாழக்கிழமை பதிவுக்கு அவசியம் இருக்காது. கொடுங்கள், எண்ணிக்கொள்கிறேன்.

மூவாயிரத்து ஐந்நூறுதான் இருக்கிறது. பையில் அவ்வளவுதானா? பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறீர்களா?

சரி வக்கீலம்மா, பரவாயில்லை. ஒரு காது மட்டும் மரத்துக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.