மேஸ்திரியின் ஒரு சொல்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உங்களுக்கென்று ஒரு கதை எடுத்து வைத்திருக்கிறேன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நாலு பேர் கூடி உட்கார்ந்து டீ குடித்த கதை. எங்கள் ஷெட்டில் ஒருவரும் டீயைச் சூடாகக் குடித்ததே கிடையாது. தம்ளரைக் கையில் எடுப்பார்கள், அதற்குள் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்கள், பேச்சு இழுத்துக்கொண்டு போகும், டீ ஆடை கட்டிவிடும். எத்தனையோ முறை மறுபடி சுடவைத்துக் கொடுத்திருக்கிறேன். அலுத்துக்கொண்டதில்லை.

அந்த ஷெட் என் வீட்டுக்காரருடையது. மோட்டார் மெக்கானிக். எனக்கு அவர் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. "பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எடு" என்பார், எடுத்துக் கொடுப்பேன். முப்பது வருஷம் எடுத்துக் கொடுத்தே தொழில் கற்றுக்கொண்டேன். அவர் போன பிறகு, பாதி பிரித்த பழைய வேன் ஒன்று ஷெட்டில் அப்படியே நின்றது. வாங்க ஆள் வரவில்லை. ஒருநாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே அதைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் எட்டிப் பார்த்தவர் பக்கத்து வீட்டு வாத்தியார். கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மரத்தில் சுவர்க் கடிகாரம் செய்வது அவருக்குப் பைத்தியம். என்னிடம் பல்சக்கரத்தைப் பற்றிக் கேட்க வந்தவர், அப்புறம் போகவே இல்லை. அடுத்து வந்தவர் பல் டாக்டர். தீப்பெட்டி அளவில் ரயில்பெட்டிகள் செய்வார். பல்லைக் குடைகிற கருவிகளையே பையில் போட்டுக்கொண்டு வருவார்.

"பகல் பூரா அடுத்தவங்க வாயையே பாக்குறேன் மேஸ்திரி. இங்க வந்தாத்தான் என் வாயைத் திறக்க முடியுது" என்பார்.

எனக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

"வாத்தியாரே, உங்க கடிகாரம் இன்னும் நேத்தைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கு" என்று டாக்டர் சீண்டுவார்.

"அவசரப்படாதய்யா. நான் நடத்துன பாடமே பசங்களுக்குப் பத்து வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. கடிகாரத்துக்கு மட்டும் என்ன அவசரம்?"

"நீங்க போனப்புறம் அது சரியா ஓடும்."

"உன் ரயில்ல ஏறிப் போறேன், இடம் இருந்தா."

இப்படித்தான் சனிக்கிழமை சாயங்காலம் போகும். யார் எதைச் செய்தாலும் முதலில் என்னிடம் காட்டுவார்கள். நான் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பேன். "இது நிக்காது" என்றால் நிற்காது. "பரவாயில்ல" என்றால் போதும், வாத்தியார் அன்றைக்குச் சாப்பாட்டையே மறந்துவிடுவார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வேனை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுப்போம். ஸ்டாண்டின் உயரத்தைப் பிடித்து நிறுத்துவது ஒரு பின். அது இரண்டு பக்கத் துளையிலும் போக வேண்டும். ஸ்டாண்டு வைத்தவர் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. போகிறவர் தானே பார்த்துக்கொள்ளவும் கூடாது, அவசரத்தில் கண் ஏமாற்றிவிடும். மூன்றாவது ஆளாக நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன். பிறகு இரண்டு உள்ளங்கையையும் வண்டியில் ஊன்றி, உடம்பு பாரத்தை முழுக்கக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளுவேன். போகிறவர் "ஆச்சா?" என்பார். நான் "ஆச்சு" என்பேன். பதினோரு வருஷம் அந்த ஒரு சொல்லை நம்பி எல்லோரும் போய் வந்தார்கள். ஒரு கீறல் கிடையாது.

இப்போது என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா போனபோது நான் ஆறாம் வகுப்பு. புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். பிறகு பட்டன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன், அவள் படித்தாள். படித்துப் படித்து, இயந்திரங்களை வரைகிற ஆபீசில் பெரிய இன்ஜினியர் ஆனாள். யாராவது அவளைப் பற்றிக் கேட்டால் "என் தங்கச்சி" என்று இரண்டு தடவை சொல்வேன். இதையெல்லாம் நான் சொல்லிக்காட்டியதே இல்லை. உங்களிடம் சொல்வதும் சொல்லிக்காட்ட இல்லை.

ஓய்வு பெற்றதும் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டு வந்தாள். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள், தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, அக்கா பக்கத்தில் இருக்கட்டும் என்று. முதல் சனிக்கிழமை ஷெட்டுக்கு நான்தான் கூட்டிப் போனேன். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, நான் சக்கரத்து நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தேன். வாத்தியார் திடீரென்று, "மேஸ்திரி, ஏன் எதிரும் புதிருமா இறுக்குறீங்க? வரிசையா இறுக்கினா என்ன?" என்று கேட்டார். அத்தனை வருஷமாக அவர் அப்படிக் கேட்டதில்லை.

"அவரு அப்படித்தான் இறுக்குவாரு" என்றேன்.

தங்கை சிரித்தாள். "ஒரே பக்கமா இறுக்கினா சக்கரம் அந்தப் பக்கம் சாஞ்சு உக்காந்துரும் சார். எதிரெதிரா போனாத்தான் சமமா உக்காரும்." அப்புறம் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "அக்காவுக்கு எல்லாம் கை வழியாத் தெரியும். காரணத்தை மட்டும் நான் சொல்றேன்."

பாசமாகத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டாக்டர் கைகூடத் தட்டினார்.

அன்றிலிருந்து வாத்தியார் பல்சக்கரத்தை அவளிடம் நீட்டினார். அவள் காகிதத்தில் வட்டம் போட்டு, பற்களை எண்ணி, எங்கே தப்பு என்று சொன்னாள். இரண்டே வாரத்தில் கடிகாரம் சரியாக ஓடியது. வாத்தியார் கண் கலங்கிவிட்டார். ஒன்பது வருஷமாக அந்தக் கடிகாரத்தை நான் கையில் வாங்கி வாங்கிப் பார்த்திருக்கிறேன். அவள் பார்த்தது இரண்டு வாரம்.

யாரும் என்னை ஒதுக்கவில்லை. அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். "மேஸ்திரி, டீ" என்று கேட்டார்கள். நான் சுடவைத்துக் கொடுத்தேன். என்ன, அதன் பிறகு டீக்குத்தான் என்னைக் கேட்டார்கள்.

பிறகு அவள் ஒரு பட்டியல் தயாரித்தாள். வண்டிக்கு அடியில் போவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒருத்தர் வாய் வார்த்தையை நம்பி ஒரு ஆள் அடியில போகக் கூடாதுக்கா" என்றாள்.

"பதினோரு வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலையேடி."

"அதான்கா பயமா இருக்கு. பழகிப் போச்சுல்ல."

"என் வார்த்தை போதாதுங்கிற."

"உன் வார்த்தை இல்லக்கா, யார் வார்த்தையும். எங்க ஆபீஸ்ல என் வார்த்தையவே எடுத்துக்க மாட்டாங்க. முதல் கையெழுத்து நீதான் போடணும், சரியா?"

நான் எழுத்துக் கூட்டித்தான் கையெழுத்துப் போடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். டாக்டரும் வாத்தியாரும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்ததில்லை. அடுத்த வாரம் பட்டியலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து சுவரில் மாட்டுவதாகப் பேச்சு. சரி என்று சொல்லிவிட்டேன். நான் எதற்கும் குறுக்கே நிற்கிற ஆள் இல்லை.

ஆனால் அதற்கு முன் அந்த வாரத்துச் சனிக்கிழமை ஒன்று இருந்ததே.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும், வாசலில் நல்ல வெயில். வேனின் கியர்பெட்டியில் எண்ணெய் ஒழுகியது. எங்கே ஒழுகுகிறது என்று தானே பார்ப்பதாகத் தங்கை சொன்னாள். டாக்டர்தான் ஜாக்கி போட்டுத் தூக்கினார், ஸ்டாண்டும் அவர்தான் வைத்தார். பல் பிடுங்க வந்த ஒருவர் தன் விரலைக் கடித்துவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டே வைத்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு குனிந்து டார்ச் அடித்தேன். வலது பக்க ஸ்டாண்டில் பின் இந்தப் பக்கத் துளைக்குள் போயிருந்தது. அந்தப் பக்கத் துளைக்குள் போகவில்லை. விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. நன்றாகத் தெரிந்தது. என் கண்ணுக்கு அன்றைக்கு ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம் அதையே பார்த்தேன். எழுந்தேன். வண்டியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தேன். தள்ளவில்லை, வைத்தேன்.

"ஆச்சாக்கா?"

"ஆச்சு."

அவள் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே போனாள். ஒரு தடவை தலையைத் திருப்பி அந்தப் பின்னைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வாய் வார்த்தை போதாது என்று பன்னிரண்டு வரி எழுதியவள், என் வாய் வார்த்தையை நம்பித்தான் போனாள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

வண்டி லேசாக அசையும், அவள் பயந்து வெளியே வருவாள், "உன் படிப்பு இதைப் பார்க்கலையா?" என்று கேட்கலாம். அவ்வளவுதான் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவள் இரண்டு கையையும் தூக்கி ஸ்பேனரைப் போட்டு இழுத்தாள். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கதவைக் கொஞ்சம் அழுத்திச் சாத்தினால் கேட்குமே, அவ்வளவுதான். முகம் தப்பிவிட்டது. கைகள் தப்பவில்லை.

அவள் கூப்பிட்டது என்னைத்தான். மகளைக் கூப்பிடவில்லை, செத்துப்போன அம்மாவைக் கூப்பிடவில்லை. "அக்கா" என்றாள்.

வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜாக்கியை மறுபடி வைத்து வண்டியைத் தூக்கியது நான். அவளை வெளியே இழுத்தது நான். மேலே கட்டுப் போட்டு ரத்தத்தை நிறுத்தியதும் நான். கை நடுங்கவே இல்லை. மேஸ்திரி மட்டும் இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதானே.

விசாரிக்க வந்தவர்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் இப்போது யாருக்கும் பல் பார்ப்பதில்லை. கருவியைத் தொட்டால் விரல் உதறுகிறதாம். முதல் மாதம் தினமும் வந்து வாசல்படியில் உட்கார்ந்து அழுவார்.

"பின்னைப் போட்டது நான்தானே மேஸ்திரி. இந்தக் கையாலதானே போட்டேன்."

"டார்ச் அடிச்சு நானும்தான் பாத்தேன் டாக்டர். எனக்குத் தெரியலையே, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று முதுகைத் தடவிக் கொடுப்பேன். பாவம், நல்ல மனுஷர். நான் சொல்லும் ஆறுதலில்தான் அவர் இன்னும் எழுந்து நடமாடுகிறார்.

தங்கைக்கு வலது கை மணிக்கட்டுக்கு மேலேயே போய்விட்டது. இடது கையில் விரல்கள் இருக்கின்றன, மடங்குவதில்லை. அவளைத் தன்னோடு கூட்டிப் போக மகள் வந்தாள். நான் இருக்கும்போது எதற்கு என்று அனுப்பிவிட்டேன். இப்போது என் வீட்டில், என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறாள். காலையில் பல் தேய்த்துவிடுகிறேன், தலை வாரிப் பின்னிவிடுகிறேன், பிசைந்து ஊட்டுகிறேன். என் கையால் ஊட்டினால் இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிடுகிறாள்.

ஒரே ஒரு நாள் கேட்டாள். "அக்கா, அன்னைக்கு அந்தப் பின் உனக்குத் தெரிஞ்சுதா?"

"கண்ணு மங்கிப் போச்சுடி" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.

இடது கை விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, தினமும் மூன்று வேளை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பழக்க வேண்டும் என்றாள். ஒரு வருஷத்துக்குள் பழக்கினால் விரல் மடங்கிவிடும். ஸ்பூன் பிடிக்கலாம், பேனாகூடப் பிடிக்கலாம். விட்டுவிட்டால் அப்படியே விறைத்துப்போகும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். முதல் பத்து நாள் பழக்கினேன். பதினோராம் நாள் ஆள்காட்டி விரல் அரிசி அளவுக்கு மடங்கியது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பேனா கொண்டு வா என்றாள்.

அன்று மத்தியானம் பந்தை எடுத்து பீரோவுக்கு மேலே, பின்பக்கமாகப் போட்டுவிட்டேன்.

"பந்து எங்கக்கா?"

"கொஞ்ச நாளைக்கு வேணாம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சுடி. நரம்பு களைச்சுப் போயிருக்காம்."

அந்தப் பெண் போன் செய்தால் நான்தான் எடுக்கிறேன். தங்கை தினமும் பயிற்சி செய்கிறாள், முன்னேற்றம்தான் இல்லை என்று சொல்கிறேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் நாலு மாதம் இருக்கிறது. சில நாள் மத்தியானம் அவள் தூங்கும்போது விரல் தானாக அசைகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அது அடங்குகிற வரை அந்தக் கையை என் கைக்குள் பொத்தி வைத்துக்கொள்கிறேன்.

பொறாமையில் செய்தாள் என்று யாராவது சொல்லக்கூடும். நீங்களே சொல்லுங்கள், பொறாமைக்காரி இப்படி ராப்பகல் பார்த்துக்கொள்வாளா? அவளுக்கும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சரி, எழுந்திருங்கள், அவளுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டில் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். எல்லோரும் ஒரு குறையில்லாமல் இருக்கட்டும். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து, கடைசிவரை கையை விடாமல் பார்த்துக்கொள்ள உங்களுக்கும் என்னைப் போல் ஒரு அக்கா அமையட்டும்.